ரோர்க்ஸ் டிரிஃப்டில் ஒரு வீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அத்தான் ஒருநாள் ரோர்க்ஸ் டிரிஃப்டுக்குக் கூட்டிப்போனார். டண்டீ என்ற ஊரைத் தாண்டிப் போனால், ஷியானே மலையடியில் தாழ்வாரம் வைத்த ஒரு வீடு. அதுதான் இப்போது அருங்காட்சியகம்.

1879-ல் பிரிட்டிஷாருக்கும் ஜூலுக்களுக்கும் அங்கே நடந்த சண்டையைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போனேன். பிரிட்டிஷ் பக்கம் சுமார் 150 பேர், எதிர்ப்பக்கம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்கள், பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் 11. ஆனால் அங்கே போய் நின்றதும் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வீடுதான்.

ஜேம்ஸ் ரோர்க் என்ற வியாபாரி பஃபலோ ஆற்றின் இக்கரையில், பிரிட்டிஷ் குடியேற்றமான நட்டாலில் கட்டியது. அக்கரை ஜூலு நாடு. ஜூலுக்கள் அதை ‘க்வாஜிமு’ என்றார்கள்; ஜிம்முடைய இடம் என்று பொருள். அவர் 1875-ல் இறந்தார். அப்புறம் ஓட்டோ விட் என்ற சுவீடன் பாதிரியார் மனைவி, குழந்தைகளோடு குடிவந்தார். சரக்கறை தேவாலயமாயிற்று.

ஜனவரி 1879-ல் பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்ட் பிரபுவின் படை ஆற்றைக் கடக்க இந்தத் துறைக்குத்தான் வந்தது. வீடு ஆஸ்பத்திரியாயிற்று. தேவாலயத்தில் சோள மூட்டையும் பிஸ்கட் பெட்டியும் ஏறின. குடும்பத்தை அனுப்பிவிட்டுத் தனியாகத் தங்கியிருந்த பாதிரியார், 22-ம் தேதி மலையேறிப் பார்த்தார். வருவது ஜூலு படை என்று தெரிந்ததும் மனைவி, குழந்தைகளைத் தேடிக் கிளம்பிவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல அறைகளுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் வாசல். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வழி கிடையாது. ரோர்க் குடும்பத்துக்கு மழைநாளில் அது ஒரு தொல்லையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். அன்று ராத்திரி புல்கூரை தீப்பிடித்தபோது, அதுவே உயிர்ப் பிரச்சினை. சுவரை ஒவ்வொன்றாக இடித்து ஓட்டை போட்டு, அதன் வழியாக நோயாளிகளை இழுத்துக் காப்பாற்றினார்கள். அதில் முன்னின்ற ஹென்றி ஹூக், அந்த ஆஸ்பத்திரியின் சமையற்காரர். அந்தப் பகுதியைப் படித்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விடிந்தபோது வீடு கரிந்த சுவராக நின்றது. நாங்கள் பார்த்தது, பழைய அஸ்திவாரத்தின்மேல் பிறகு எழுப்பிய கட்டடம்.

பிரிட்டிஷார் பக்கம் செத்தவர்கள் 17 பேர். ஜூலு பக்கம் எண்ணிய சடலங்களே 350-க்கு மேல். காயம்பட்டுக் கிடந்தவர்கள் பலரைச் சண்டை முடிந்த பிறகும் கொன்றிருக்கிறார்கள். இறந்த ஜூலுக்களை மொத்தமாகப் புதைத்த இடத்தில் தனித்தனிப் பெயர்கள் இல்லை. அங்கேதான் அதிக நேரம் நின்றோம்.

பக்கத்திலேயே 1960-களில் சுவீடன் மிஷன் தொடங்கிய கைவினை மையம் இருக்கிறது. தறியில் ஓர் அம்மா கம்பளம் நெய்துகொண்டிருந்தார். அக்கா சின்னதாக ஒன்று வாங்கினாள். இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.