கடன் வாங்காமல் கழித்தால் பாதி மதிப்பெண்தானா?

பின்னம்: மகள் நாலாம் வகுப்பு. 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்ன கணக்குக்கு 55 − 20 = 35 என்று மட்டும் எழுதியிருக்கிறாள். இரண்டு எண்ணோடும் 3 கூட்டினால் வித்தியாசம் மாறாது, அவ்வளவுதான். விடை சரி, ஆனால் 2-க்கு 1 மதிப்பெண். ‘கடன் வாங்கிச் செய்யவும்’ என்று சிவப்பு மையில் குறிப்பு வேறு. யோசித்ததற்குத் தண்டனையா?

வாய்ப்பாடு: நான் கணக்கு ஆசிரியர், திட்டு வாங்கத் தயாராகவே வருகிறேன். அந்த மதிப்பெண்ணை நான் குறைத்திருக்க மாட்டேன். ஆனால் என் வகுப்பில் ஒரு பையன் 16/64-ஐச் சுருக்கச் சொன்னால் மேலே ஒரு 6, கீழே ஒரு 6 இரண்டையும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதினான். விடை சரி! வழி சுத்தத் தப்பு. சொந்தமாக யோசித்தான் என்று தட்டிக்கொடுத்தால், நாளைக்கு 13/34-லும் 3-ஐ அடித்து அதே 1/4 என்பான். 7×8-க்கு விரல் விடுகிற பிள்ளையிடம் புதுவழி கேட்பது, எழுத்துக்கூட்டத் தெரியாதவனிடம் வெண்பா கேட்பது மாதிரி.

விடைத்தாள்: பரீட்சையில் இதெல்லாம் வேலைக்கு ஆகாது. சொல்லிக்கொடுத்தபடி போட்டால் மார்க்.

கடைசிபெஞ்சு: அப்படியே பழக்கினால் என்ன ஆகும் தெரியுமா? 1979-ல் பிரான்சின் கிரெனோபிளில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டார்கள்: ‘கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு. கப்பல் தலைவனின் வயது என்ன?’ பெரும்பாலோர் இருந்த எண்களை வைத்தே வயதைச் சொல்லிவிட்டார்கள், 26 + 10 = 36 என்கிற மாதிரி. கூட்டலில் பிழையே இல்லை, பாருங்கள்!

வாய்ப்பாடு: அது கூட்டலின் குற்றமில்லை. கேள்வி கேட்டால் ஏதாவது எண் எழுதியே தீரவேண்டும் என்று பழக்கிய எங்கள் குற்றம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 40 விடைத்தாளில் 40 வழி வந்தால் திருத்துகிறவன் கதி?

பின்னம்: எங்கே சார் 40? நாலைந்து வந்தாலே அதிகம். ‘ஏன் 3 கூட்டினாய்?’ என்று மகளிடம் கேட்டேன். நோட்டில் எண்கோடு வரைந்து, 17-க்கும் 52-க்கும் நடுவே ஒரு ஈர்க்குச்சியை உடைத்து வைத்தாள். அதை மூன்று கட்டம் தள்ளினாள். நுனிகள் 20-லும் 55-லும் வந்து நின்றன. “குச்சி நீளலையேப்பா” என்றாள். உங்கள் பையனிடமும் ஏன் என்று கேட்டீர்களா?

வாய்ப்பாடு: இல்லை. தப்பு என்று கோடு போட்டுவிட்டேன்.

கடைசிபெஞ்சு: அப்படியானால் அவன் தப்பையே கணக்காக்குங்கள் சார். தொகுதியின் ஒன்றாம் இலக்கமும் பகுதியின் பத்தாம் இலக்கமும் ஒரே எண்ணாக இருந்து, இரண்டையும் அடித்தும் மதிப்பு மாறாத ஈரிலக்கப் பின்னங்கள் வேறு உண்டா? 11/11, 22/22 எல்லாம் ஆட்டத்தில் சேராது. ஒன்றுக்குக் குறைந்தவற்றில் மொத்தமே நாலுதான்: 16/64, 19/95, 26/65, 49/98. தேடுகிறவன் நூறு இடத்தில் இந்த வழி கவிழ்வதைத் தானே பார்த்துவிடுவான்.

வாய்ப்பாடு: விடையை இங்கேயே போட்டு உடைத்துவிட்டீரே! அதுவும் போக, இதைத் தேட வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிய வேண்டும். அந்த இடத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன், முதலில் அந்தப் பையனிடம்.