சவுண்ட்பார் முடிந்தது, ஏஆர்சிக்கு என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். டிவி பற்றிய நம் குறிப்பில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம் அல்லவா? டிவிக்கு அடியில் மாட்டும் நீள ஒலிபெருக்கியான சவுண்ட்பாருக்கு ஒருவர் சொன்னது இது:

> சவுண்ட்பாருக்கு ‘ஒலிச்சட்டம்’ என்று வைக்கலாமே. நீளக் கட்டையைத் தச்சர்கள் சட்டம் என்றுதானே சொல்கிறார்கள்?

தச்சுப் பட்டறையில் அது சரி. கடை வாசலில் ‘புதிய ஒலிச்சட்டம்’ என்று பலகை வைத்தால், கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை வந்துவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். ‘ஒலிக்கோல்’ என்றால் அளவுகோலின் தம்பி போல இருக்கிறது. இரைச்சலை அளக்கிற கருவி என்று நினைப்பார்கள். என் வாக்கு ‘ஒலிப்பட்டை’க்கு. அலைப்பட்டையோடு குழம்பும் என்று ஒருவர் சொன்னது நியாயம்தான். ஆனால் டிவிக்கு அடியில் எதை மாட்டுவது என்று பேசும்போது அலைவரிசை யார் நினைவுக்கு வரப்போகிறது?

எனக்கு உறுத்துவது ஏஆர்சி, அதாவது ‘ஆடியோ ரிட்டர்ன் சேனல்’. டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் வழி அது. நம் குறிப்பின் வரைவில் ‘எதிரொலித் தடம்’ என்று இருக்கிறது. படிப்பவர் டிவி வாங்கினால் வீடு கிணறு மாதிரி ஒலிக்கும் என்று பயந்துவிடுவார். ‘மீளொலித் தடம்’ என்று திருத்தியவரும் அதே பள்ளத்தில்தான் விழுந்திருக்கிறார். மீள் என்பதை ஒலியோடு ஒட்டினால், ஒருமுறை வந்த ஒலி மறுபடி வருகிறது என்று பொருள்படும்.

நடப்பது அதுவல்ல. செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் படமும் ஒலியும் டிவிக்குள் வரும். அது ஒரு திசை. டிவிக்குள்ளேயே இருக்கும் யூடியூபில் பாட்டுப் போட்டால், அந்த ஒலி பிறப்பதே டிவியில்தான். அது ஒலிப்பட்டைக்குப் போக முன்பெல்லாம் தனியாக ஓர் ஆப்டிகல் கேபிள் வேண்டும். 2009இல் எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பு வந்தபோதுதான், டிவிக்குள் வரும் அதே கேபிளில் ஒலி மட்டும் எதிர்த்திசையில் வெளியே போக வழி செய்தார்கள். ஆக, எதுவும் திரும்பி வரவில்லை. ஆங்கிலப் பெயரில் உள்ள ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லிலேயே அந்தக் கோணல் இருக்கிறது. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

அதனால் ‘ஒலி எதிர்த்தடம்’ என்கிறேன். எதிர்நீச்சலில் இருக்கும் அதே எதிர். வரைவில் இருந்த ‘எதிரொலித் தடம்’ என்பதன் அதே சொற்கள்தான், ஆனால் ‘எதிர்’ இப்போது தடத்தைத் தொட்டு நிற்கிறது, ஒலியை அல்ல. ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சியை ‘மேம்பட்ட ஒலி எதிர்த்தடம்’ என்றால் போதும்.

அப்புறம், தமிழ்ச் சொல்லை மட்டும் அச்சிட்டு விட்டுவிடாதீர்கள். என் மச்சினர் வீட்டில் 43 அங்குல டிவியைச் சுவரில் மாட்டிய பிறகுதான் ஒலிப்பட்டை வாங்கினோம். கைக்கு எட்டிய துளையில் கேபிளைச் செருகினேன். படம் ஓடுகிறது, பட்டை ஊமையாகக் கிடக்கிறது. சுவருக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும். செல்போனை உள்ளே விட்டு, டார்ச்சைப் போட்டு, வீடியோ எடுத்துப் பார்த்தோம். மூன்று எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி என்று கடுகளவு எழுத்து. கேபிள் அங்கே போகவில்லை. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து டிவியைக் கொக்கியிலிருந்து தூக்க வேண்டியதாயிற்று. ‘ஒலி எதிர்த்தடம்’ என்று மட்டும் நம் குறிப்பில் இருந்திருந்தால் அந்தத் துளையைத் தேடியே களைத்திருப்பேன். எனவே அந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் ‘ஏஆர்சி என்று குறித்த துளை’ என்றும் சேர்க்கவும். கேபிளைச் செருகிய பிறகு மாட்டுங்கள் என்று ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. டிவியின் கீழ் விளிம்பில் ரிமோட் கண் இருந்தால் பட்டை அதை மறைக்காமல் இடம் விடச் சொல்லவும்.

வூஃபருக்குத் ‘தாழொலிப் பெட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் வூஃபர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நான் அதைத் தொடவில்லை.