‘மறுஅளவிடல்’ வேண்டாம், ‘குறிவழா அளவுமாற்றம்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அறிவியல் படங்களைச் சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் அவற்றின் மேலுள்ள அம்பு, பெயர், அளவுக்கோடு முதலியவை பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று கேட்டவன் நான். பரிந்துரைத்த அனைவருக்கும் நன்றி. வந்த சொற்களையெல்லாம் நான் எழுதிவரும் தாவரவியல் செய்முறைக் கையேட்டின் வரிகளுக்குள் போட்டுப் படித்துப் பார்த்தேன். தனியே நிற்கும்போது எடுப்பாக இருக்கும் சொல், வாக்கியத்துக்குள் நுழைந்ததும் வேறு பொருள் தந்துவிடுகிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

> ‘குறிப்புரை பாதுகாக்கும் மறுஅளவிடல்’ என்று வைத்துக்கொள்ளலாமே. மூன்று சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவைதாம்.

திருச்சி ஐயா மன்னிக்க வேண்டும். இந்த மூன்று சொல்லிலும் எனக்குத் தடை இருக்கிறது.

‘அளவிடு’ என்றால் அளந்து பார் என்று பொருள். ‘படத்தை மறுஅளவிடுக’ என்று கையேட்டில் எழுதினால், ஆய்வகத்தில் நிற்கும் மாணவர் ஸ்கேலை எடுத்து இன்னொரு முறை அளப்பார். அவர் செய்வதுதான் சரி. சொல் அப்படித்தான் சொல்கிறது. அலுவலகப் படிவத்துக்கும் கைப்பேசித் திரைக்கும் ‘மறுஅளவிடல்’ ஒத்துவரலாம். அளப்பதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் அது குழப்பம்தான் தரும். ‘அளவுமாற்றம்’ என்பதில் அந்த இடறல் குறைவு.

‘பாதுகாத்தல்’ இதைவிடப் பெரிய சிக்கல். இதற்கு என் கையேட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

செய்முறை வகுப்பில் வெங்காயத்தோல் பார்க்காத மாணவர் இல்லை. 100 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்த ஒரு படத்தைச் சேர்த்திருந்தேன். படத்தில் ஒரு செல்லின் நீளம் 30 மில்லிமீட்டர். நூறால் வகுத்தால் உண்மை நீளம் 0.3 மில்லிமீட்டர். பக்கம் அமைக்கும்போது இடம் போதவில்லை என்று படத்தைப் பாதியாகச் சுருக்கிவிட்டார்கள். அடியில் இருந்த ‘உருப்பெருக்கம்: 100 மடங்கு’ என்ற வரியை யாரும் தொடவில்லை. மெய்ப்புப் பார்த்தபோது எனக்கும் அது உறைக்கவில்லை. வகுப்பில் ஒரு மாணவி ஸ்கேலை வைத்து 15 மில்லிமீட்டர் என்று அளந்து, நூறால் வகுத்து, 0.15 என்று எழுதி வந்து நீட்டினாள். அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அந்த வரியை எழுத்து மாறாமல் பாதுகாத்தோம். பாதுகாத்ததனாலேயே அது பொய்யாகிவிட்டது.

அதே படத்தின் மூலையில் 100 மைக்ரோமீட்டர் என்று எழுதி ஓர் அளவுக்கோடு வரைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர். படம் பாதியானதும் அதுவும் அரை சென்டிமீட்டர். செல் அப்போதும் மூன்று கோட்டு நீளம், இப்போதும் மூன்று கோட்டு நீளம். கோடு மாறியது, அதனால் உண்மை நின்றது. நிலவரைபடம் படித்தவர்களுக்கு இது பழகிய செய்திதான். 1:50,000 என்ற பின்னம் நகலெடுக்கும் இயந்திரத்தில் சுருங்கி வந்ததும் செல்லாமல் போகும், அடியில் வரைந்த கோட்டளவை செல்லும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், குறிகள் அப்படியே இருக்கின்றன என்று சொல்லக் கூடாது. அவை பிழைபடவில்லை என்று சொல்ல வேண்டும். சில குறி படத்தோடு சுருங்க வேண்டும், சில சுருங்கவே கூடாது, சிலவற்றைப் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். இத்தனைக்கும் பொதுவானது ஒன்றுதான்: சொன்னது தவறாகாமல் இருப்பது.

மூன்றாவது, ‘குறிப்புரை’. உரை மரபில் ஊறிய நமக்கு அது இனிய சொல். அரும்பதவுரை, குறிப்புரை, விளக்கவுரை என்று நம்மிடம் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் சொல்லைச் சொல்லால் விளக்குபவை. ஓர் அம்பு எதையும் உரைப்பதில்லை, காட்டுகிறது. ஒரு வட்டம் ‘இதற்குள் பார்’ என்கிறது. ‘படக்குறிப்பு’ என்றால் படத்துக்கு அடியில் வரும் வாசகம் என்று பத்திரிகைக்காரர்கள் நினைப்பார்கள். ‘சுட்டு’ நல்ல சொல்தான், கணினிக்காரர்கள் சுட்டியை எலிக்கும் இணைப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். எனவே ‘படக்குறி’ என்று நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். படத்தின் மேல் இருப்பது படக்குறி, அடியில் இருப்பது படக்குறிப்பு. இரண்டு எழுத்து வேறுபாடுதானே, குழம்பாதா என்று மதுரை அம்மையார் கேட்டிருந்தார். குறியும் குறிப்பும் தமிழில் நெடுங்காலமாக அருகருகே வாழ்கின்றன, குழம்பியதாகத் தெரியவில்லை.

படக்குறியிலும் இருவகை உண்டு. படத்தின் பிக்சல்களோடு கலந்து பதிந்துவிட்டது ஒன்று, படத்தின் மேல் தனி அடுக்காக நிற்பது மற்றொன்று. பச்சை குத்தியதற்கும் நெற்றிப் பொட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. பிள்ளைக் கையில் குத்திய பச்சை, கை வளர வளரத் தானும் விரியும், மங்கும், அழியாது. பொட்டை எடுக்கலாம், முகத்துக்குத் தக்க அளவில் வேறு வைக்கலாம். முன்னதைப் ‘பதிகுறி’ என்றும் பின்னதைத் ‘தனிக்குறி’ என்றும் சொல்லலாமா? அறிவியல் படங்களை அளந்து ஆராய உதவும் இமேஜ்ஜே மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு கைப்பழக்கம். அளவுக்கோட்டை மேலடுக்காக வைத்தால் பிறகு திருத்தலாம்; எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சேமித்த பிறகு திருத்த வழியில்லை.

இனி நான் முன்வைக்கும் சொல்லுக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி மூன்றும் உண்டு. பிழைபடப் பேசுவது வழு. பிழையின்றிப் பேசுவது வழாநிலை. பிழைபோலத் தெரிந்தாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்வது வழுவமைதி. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்லும் எடுத்துக்காட்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். அஃறிணை உயர்திணையானது வழுதான், ஆனால் உவப்பினால் வந்ததால் அமைதி. இந்த மூன்றும் நம் சிக்கலுக்கு அளந்து தைத்த சட்டைபோல் பொருந்துகின்றன.

படம் அளவு மாறிய பின் குறி பொய்யானால் அது ‘குறிவழு’. பொய்யாகாமல் மாற்றுவது ‘குறிவழா அளவுமாற்றம்’. இலக்கணத்தில் திணை வழு, பால் வழு என்று ஏழு பிரித்ததுபோல இங்கும் வகை பிரிக்க முடிகிறது. வெங்காயத்தோலில் நடந்தது எண்வழு.

குறி தன் இடம் தவறுவது இடவழு. அதற்கு நம் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டு தரலாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது. 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பழைய கண்ணாடித் தகடுகளை 4096 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட எண்ணிமப் படங்களாக மாற்றியிருக்கிறார்கள். அப்படி ஒரு படத்தில் சூரியனின் மையம் மிகச் சரியாகப் படத்தின் நடுவில் இருப்பதாகக் கொள்வோம். வானியல் கோப்புகளில் முதல் பிக்சலின் நடுப்புள்ளிக்கு 1 என்று பெயர். அந்தக் கணக்கில் மையம் 2048.5. படத்தை நான்கில் ஒன்றாக்கி 1024 பிக்சலுக்குக் கொண்டுவந்தால், மையத்தையும் நான்கால் வகுத்தால் போதும் என்று யாருக்கும் தோன்றும். வகுத்தால் 512.125 வருகிறது. ஆனால் 1024 பிக்சல் படத்தின் நடு 512.5. வேறுபாடு 0.375 பிக்சல். காரணம், எண்ணிக்கை 1இல் தொடங்கினாலும் படத்தின் விளிம்பு 0.5இல் இருக்கிறது. எனவே முதலில் அரையைக் கழித்து, வகுத்து, பின் அரையைக் கூட்ட வேண்டும். 2048ஐ நான்கால் வகுத்தால் 512, அரை சேர்த்தால் 512.5. கச்சிதம்!

அரைப் பிக்சல்கூட இல்லையே என்று விட்டுவிட முடியாது. சூரியனின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். சிறிய படத்தில் அது 900 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டால், 0.375 பிக்சல் என்பது சுமார் 580 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். சூரியப்புள்ளியின் இருப்பிடத்தை நாள்தோறும் குறிக்கிறவர் இந்தப் பிழையையும் சேர்த்தே குறிப்பார்.

பெயர்வழு இன்னும் நுட்பமானது. இப்போது கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுத்தருகிறவர்கள், ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்ணைப் பெயராகக் கொடுத்து ஒரு குறிப்படம் செய்கிறார்கள். செல்சுவருக்கு 1, சைட்டோபிளாசத்துக்கு 2, உட்கருவுக்கு 3 என்று வைப்போம். உட்கரு ஓரிடத்தில் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. படத்தைச் சிறிதாக்கும்போது அருகருகே உள்ள 1ஐயும் 3ஐயும் சராசரி எடுத்தால் 2 வருகிறது. இல்லாத இடத்தில் சைட்டோபிளாசம் முளைத்துவிட்டது! நிறங்களைச் சராசரி எடுக்கலாம், பெயர்களை எடுக்க முடியாது. இங்கே பக்கத்துப் பிக்சலின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளும் முறைதான் சரி. நம் கணிதப் பாடநூல்களில் இடைமதிப்புக் காண்பதற்கு ‘இடைச்செருகல்’ என்று பெயர். சுவடிப் பதிப்பாளர்களோ, மூல ஆசிரியர் பாடாத பாடலை யாரோ நுழைத்திருந்தால் அதை இடைச்செருகல் என்பார்கள். குறிப்படத்தில் முளைத்த அந்த 2, இரண்டு பொருளிலும் இடைச்செருகல். இதை எழுதும்போது நம் மொழியின் மேல் எனக்கு மிகுந்த அன்பு பொங்குகிறது.

எழுத்துவழுவைத் தமிழில் பெயரிடுகிறவர்கள் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். நேச்சர் என்ற ஆங்கில அறிவியல் இதழில் இரட்டைப் பத்திப் படத்தின் அகலம் 183 மில்லிமீட்டர், ஒற்றைப் பத்திப் படம் 89. பெரிய அளவுக்காக 8 பாயிண்டில் போட்ட பெயர், படம் சிறிய அளவுக்கு இறங்கினால் 4 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். ஆங்கில எழுத்தே தத்தளிக்கும் அளவு அது. தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘செல்’ என்பது ‘செல’ ஆகிவிடும். ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படித்தவர்கள் பொருள் உணர்ந்து புள்ளியைச் சேர்த்துக்கொண்டார்கள். புதிய கலைச்சொல்லை முதன்முதலாகப் பார்க்கும் மாணவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ‘மை.மீ.’, ‘மி.மீ.’ என்ற சுருக்கங்களையும் கையேட்டிலிருந்து நீக்கிவிட்டேன். மங்கிய அச்சில் ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் ஆயிரம் மடங்கு பிழை.

அதனால் எழுத்தும் கோட்டின் தடிப்பும் படத்தோடு சுருங்காமல் நிற்க வேண்டும். படம் பாதியாகிறது, பெயர் மட்டும் அதே பருமனில் இருக்கிறது. விகிதம் பார்த்தால் இது வழுதான். படிக்க முடிய வேண்டும் என்ற காரணத்துக்காக ஏற்கிறோம். இதுவே ‘குறிவழுவமைதி’. பிக்சல்களாக அன்றிக் கோடுகளாகவே சேமிக்கும் வெக்டர் படங்களில், படம் எவ்வளவு மாறினாலும் கோட்டின் தடிப்பை மாற்றாதே என்று எழுதிவைக்க வசதி இருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

> வழா, வழு என்பதெல்லாம் பண்டிதத் தமிழ். அறிவியல் மாணவர் மிரண்டுவிடுவார்.

பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சொல்லைப் பதினொன்றாம் வகுப்பு ஆய்வகத்தில் பார்த்து மிரள வேண்டிய தேவை இல்லை. தேர்வோடு புதைந்துபோகும் சொல்லுக்கு ஒரு வேலை கிடைக்கிறது என்றுதான் நான் பார்க்கிறேன். கையேட்டு வரியில் அது எப்படி அமர்கிறது என்று பாருங்கள்: ‘படத்தைக் குறிவழாது சிறிதாக்கி ஒட்டுக. உருப்பெருக்க எண்ணை நீக்கி அளவுக்கோடு வரைக. பதிகுறி உள்ள படமாயின் மூலப் படத்தைக் கேட்டுப் பெறுக.’ வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். ‘வழாது’ என்றால் என்ன என்று ஒரே ஒருவர் கேட்டார், பக்கத்தில் இருந்தவரே விடை சொல்லிவிட்டார்.

இரண்டு இடத்தில் இன்னும் உங்கள் உதவி வேண்டும். யாழ்ப்பாணத்து நண்பர், தங்கள் பாடநூல்களில் நிலவரைபட அளவைக்கு ‘அளவுத்திட்டம்’ என்றும், நுண்ணோக்கிக்கு ‘நுணுக்குக்காட்டி’ என்றும் வழங்குவதை நினைவூட்டினார். ‘அளவுக்கோடு’ என்பது அங்கே இயல்பாக ஒலிக்குமா, ‘அளவுத்திட்டக் கோடு’ என்றால்தான் விளங்குமா? கையேடு இரு கரையிலும் பயன்பட வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

மற்றொன்று, மென்பொருளின் பொத்தானில் இடும் ஏவல் வடிவம். ‘குறிவழாது அளவுமாற்று’ என்பது பொத்தானுக்குள் அடங்கவில்லை. ‘வழாது மாற்று’ என்று குறைத்தால் எது வழாது என்பது போய்விடுகிறது. மென்பொருள் தமிழாக்கத்தில் பழகிய நண்பர்கள் இதற்கு எப்படிச் சுருக்கம் செய்வீர்கள்?