லுபுண்டு 22.04: ஆதரவு முடிந்தது என்கிறார்கள், ஆனால் அப்டேட் வந்துகொண்டேதான் இருக்கிறது. எது சரி?

லேப்பொறுப்பு:
பள்ளி லேபில் 12 மெஷின். எல்லாம் 4 ஜிபி ரேம், சாதா ஹார்ட் டிஸ்க். லுபுண்டு 22.04 (உபுண்டு லினக்ஸின் இலகுவான வகை) போட்டிருக்கிறோம். உபுண்டு 22.04-க்கு 2027 வரை ஆதரவு உண்டு என்பதால் அப்படியே விட்டுவைத்தோம். லுபுண்டுக்கு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டதாம். ஆனால் ஆப்ட் (பேக்கேஜ்களை இறக்கும் கருவி) மூலம் அப்டேட் செய்தால் புது கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இறங்குகிறதே? 24.04-க்கு ஏற்றலாமா, மெயின் உபுண்டுவுக்கே போய்விடலாமா?

முனையம்:
இரண்டும் சரிதான். லுபுண்டு தனி டிஸ்ட்ரோ இல்லை; அடியில் இருப்பது அதே உபுண்டு, அதே பேக்கேஜ் கிடங்கு. கெர்னல், சிஸ்டம்டி, ஓப்பன்எஸ்எஸ்எல் எல்லாம் அந்தக் கிடங்கின் ‘மெயின்’ பகுதி. அதற்கு உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 5 ஆண்டு பேட்ச் தருகிறது. மேலே இருக்கும் எல்எக்ஸ்க்யூடி (டெஸ்க்டாப்), எஸ்டிடிஎம் (லாகின் திரை) போன்றவை ‘யூனிவர்ஸ்’ பகுதி. அதைப் பார்த்துக்கொள்வது தன்னார்வக் குழு, கணக்கு 3 ஆண்டு. குபுண்டு, சுபுண்டுக்கும் இதே கதைதான்.

அதனால் ஆப்ட் ‘எல்லாம் அப்டேட் ஆகிவிட்டது’ என்று சொல்வதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். டெர்மினலில் ‘ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் மெயினிலிருந்து எத்தனை, யூனிவர்ஸிலிருந்து எத்தனை என்று பிரித்துக் காட்டும். கனோனிக்கலின் உபுண்டு ப்ரோ சந்தாவில் யூனிவர்ஸுக்கும் பாதுகாப்பு பேட்ச் உண்டு. ஆனால் இலவசம் ஒரு கணக்குக்கு 5 மெஷின்தான், அதுவும் தனிநபருக்கு. உங்கள் 12-க்கு ஆகாது.

கட்டளைவரி:
மெயின் உபுண்டு வேண்டாம். 4 ஜிபியில் அதன் க்னோம் டெஸ்க்டாப்பும் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்தால் ஸ்வாப்பில் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) போய் உட்காரும். ஹார்ட் டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். 24.04 லுபுண்டுக்கே ஏற்றுங்கள். அதன் 3 ஆண்டும் 2027 ஏப்ரலில் முடியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

முதலில் ஒரு மெஷினில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போட்டு, மற்ற 11-இலும் ஆப்ட் ப்ராக்ஸியாக அதன் ஐபியையும் 3142 போர்ட்டையும் கொடுங்கள். ஒவ்வொரு பேக்கேஜும் ஒரே தடவைதான் நெட்டிலிருந்து இறங்கும். பிறகு ஃபுல்-அப்கிரேட், ரீபூட், டூ-ரிலீஸ்-அப்கிரேட் (அடுத்த பதிப்புக்கு ஏற்றும் கட்டளை). பிபிஏ (வெளியார் பேக்கேஜ் கிடங்கு) இருந்தால் அதுவே முடக்கிவிடும். முடிந்த பிறகு தேவையானதை மட்டும் திரும்பப் போடுங்கள். நடுவில் ‘கான்ஃபிக் கோப்பை மாற்றவா’ என்று கேட்டால், நீங்கள் கைவைத்த கோப்பு என்றால் மட்டும் பழையதை வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்பொறுப்பு:
ஒரு மெஷினில் முயன்றேன். உபுண்டு-டெஸ்க்டாப், குபுண்டு-டெஸ்க்டாப் மாதிரி எதுவும் இல்லை, எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. லுபுண்டுதானே ஓடுகிறது?

முனையம்:
யாரோ எதையோ நீக்கும்போது லுபுண்டு-டெஸ்க்டாப் என்ற மெட்டா பேக்கேஜும் சேர்ந்து போயிருக்கும். அதற்குள் ப்ரோக்ராம் எதுவும் கிடையாது, வெறும் பட்டியல். அதனால்தான் அது போனாலும் டெஸ்க்டாப் அப்படியே ஓடுகிறது. ஆனால் அப்கிரேடர் அடையாளம் தேடுவது அதை வைத்துத்தான். லுபுண்டு-டெஸ்க்டாப்பை மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டு ஓட்டுங்கள்.

அவசரத்தில் உபுண்டு-டெஸ்க்டாப்பைப் போட்டுவிடாதீர்கள். க்னோம் முழுக்க வந்து இறங்கும், லாகின் திரைக்கு க்னோமின் ஜிடிஎம்மா, லுபுண்டுவின் எஸ்டிடிஎம்மா என்று வேறு கேட்கும். ஏற்கெனவே தவறித் தேர்ந்திருந்தால் ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் எஸ்டிடிஎம்’ கொடுத்து மாற்றலாம்.

பைட்:
என் வோட்டு புதிதாக இன்ஸ்டால் செய்வதற்கு. லேப் மெஷினில் காப்பாற்ற வேண்டிய கோப்பு எவ்வளவு இருக்கப்போகிறது? ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்யும் கோப்பு) உபுண்டுவின் சிடிஇமேஜ் சர்வரிலிருந்தே எடுத்து, எஸ்ஹெச்ஏ256 (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) சரிபார்த்துவிட்டு பென் டிரைவில் எழுதுங்கள். 2025 அக்டோபரில் சுபுண்டு தளத்தின் டோரண்ட் இணைப்பில் விண்டோஸ் மால்வேர் அடங்கிய ஸிப் கோப்பை வைத்துவிட்டார்கள். சிடிஇமேஜில் இருந்த ஐஎஸ்ஓக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தமிழ்99 கீபோர்டு தேவைப்பட்டால் எஃப்சிடிஎக்ஸ்5-எம்17என் பேக்கேஜைச் சேர்த்து, லாக்அவுட் ஆகி வந்து பட்டியலில் தேர்ந்தெடுங்கள்.

லேப்பொறுப்பு:
மெட்டா பேக்கேஜைப் போட்டதும் ஓடியது. இது ஒன்று ஏறட்டும். மீதி 11-ஐ பென் டிரைவிலேயே முடித்துவிடுகிறேன்.