உப்பங்கழி ஓரத்தில் பத்து நாள்கள்: கோடை ஊழிய அனுபவப் பகிர்வு

கடலூர் முதுநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

கோடை விடுமுறையில் சிற்றூர்களுக்கு ஊழியத்திற்குப் போனவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் பத்தே நாள்கள். 2005ஆம் ஆண்டு மே மாதம், கல்லூரி இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, எங்கள் சபையின் வாலிபர் சங்கத்தார் என்னையும் என் நண்பர் ஒருவரையும் கிள்ளைக்கு அப்பால், பிச்சாவரம் உப்பங்கழியை ஒட்டியிருந்த ஓர் இருளர் குடியிருப்பில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த அனுப்பினார்கள். மிஷனெரி என்றால் இரயிலேறி வடக்கே போகிறவர் என்றே நினைத்து வளர்ந்த எனக்கு, சொந்த மாவட்டத்திற்குள்ளேயே ஒரு பணித்தளம் இருக்கிறது என்பதே புதிய செய்தி. சிதம்பரம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து கிள்ளைக்கு இன்னொன்று, அதன்பின் சேறு காய்ந்த வரப்பின்மேல் நடை. அவ்வளவுதான் தூரம்.

முப்பதுக்கும் குறைவான குடிசைகள். கீற்றுக் கூரைகளின்மேல் நிவாரணத்தில் வந்த நீலத் தார்ப்பாய்கள். 2004 டிசம்பர் 26 கடல்கோள் (சுனாமி) நடந்து ஐந்து மாதங்கள் ஆகவில்லை. அவ்வூரார் படகோ பெரிய வலையோ வைத்திருந்தவர்கள் அல்லர். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கைகளால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பதால், வேலை நேரத்தில் பெண்கள் பேசிக்கொள்வதே இல்லை. அந்த மௌனத்தை முதல் நாள் காலையில் பார்த்த நாங்கள், நம்மீது கோபமாக இருக்கிறார்கள் போலும் என்று தவறாக நினைத்துக்கொண்டோம்.

அன்றைய தினம் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவுக்காக நான் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்ததும் பிள்ளைகள் ஓடி வருவார்கள் என்று பார்த்தால், பெரியவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஒரு பாட்டி பிளாஸ்டிக் உறையிலிருந்து ரேஷன் அட்டையின் நகலை எடுத்து நீட்டினார். அந்த ஐந்து மாதங்களில் பையும் நோட்டுமாக வந்தவர்கள் எல்லாரும் பெயர் எழுதிக்கொள்ளத்தான் வந்திருக்கிறார்கள். நாங்கள் எதுவும் கொடுக்க வரவில்லை, பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறோம் என்று விளக்கியபோது, "அதுக்கும் பேரு எழுதிக்க தம்பி, அப்புறம் விட்டுப்போச்சுன்னு சொல்லிடப்போறீங்க" என்றார். எழுதிக்கொண்டேன். எங்கள் பள்ளியின் முதல் மாணவருக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்தப் பகுதியில் இருபது ஆண்டுகளாக மிதிவண்டியில் சுற்றிவந்த ஓர் உபதேசியார். அவரிடம் சில கண்டிப்பான விதிகள் இருந்தன. ஊரில் நல்ல நிழல் தரும் மரம் ஒரே ஒரு வேம்பு. அதனடியில் கன்னிமாருக்கு ஏழு கற்கள் நட்டிருந்தார்கள். நாங்கள் அங்கே வகுப்பு வைக்கலாம் என்றதற்கு, "அது அவங்க கோயில் தம்பி" என்று மறுத்துவிட்டு, அனல் கக்கும் தகரக் கொட்டகையில் எங்களை உட்காரவைத்தார். சுண்டல் கொடுப்பதானால் வகுப்புக்கு வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. அப்போது எனக்கு இது வீண் கெடுபிடியாகத் தோன்றியது. ஆனால் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002இல் வந்து 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகும், பைபிள் பையோடு போகிறவரைக் கிள்ளைத் தேநீர்க் கடையில் இரண்டு பேராவது நிறுத்தி, தலைக்கு எவ்வளவு என்று கேட்கத்தான் செய்தார்கள். அரிசி மூட்டையையும் கைப்பிரதியையும் ஒரே கையால் நீட்டியவர்கள் அந்தக் கரையில் இருந்தார்கள் என்பதால், கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி நான் எழுத வந்த விஷயம். ஐந்தாம் நாள் பாடம், இயேசு கடலை அமர்த்திய கதை. பாடநூல் பல மாதங்களுக்கு முன்பே அச்சானது. அந்தக் கரையில் அந்த ஆண்டு இந்தக் கதையைச் சொல்ல நேரும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது. நண்பர் அதை விட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்றார். நான்தான் பிடிவாதமாக நடத்தினேன். மனன வசனம் மாற்கு 4:39. "இரையாதே, அமைதலாயிரு" என்று அட்டையில் பெரிதாக எழுதி, கையை நீட்டிக் கடலை அதட்டுவதுபோல் நடித்துச் சொல்லிக்கொடுத்தேன். பத்து வயது இருக்கும் ஒரு பையன் மட்டும் சொல்லாமல் நின்றான். ஏன் என்று கேட்டதற்கு, "இரைன்னா தூண்டில்ல மாட்டுறதுதானே அண்ணா? கடல் எப்படி இரையாகும்? நாமதானே அதுக்கு இரை?" என்றான்.

இரைதல் என்றால் இரைச்சலிடுதல் என்று நான் பொருள் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். முகத்துவாரத்தில் இறால் தடவப் போன அவன் அத்தை டிசம்பர் 26 அன்று திரும்பி வரவில்லை என்பது கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எங்கள் இருவரைத் தவிர. பின்வரிசையில் ஒரு சிறுமி, "அன்னைக்கு ஏன் அதட்டல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

உபதேசியார் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பனையோலையில் காற்றாடி மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தம்பி, அதுக்கு முந்தின வசனத்தைப் படிங்க" என்றார். படித்தேன். படகில் இருந்தவர்கள் அவரை எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்ட வசனம் அது. "இவங்க கேட்டதும் இதுதானே? வேதத்திலயே இருக்குது. இன்னைக்கு இதையே மனனமா வச்சுக்கட்டும்" என்றவர், பதில் என்று மேற்கொண்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தப் பையன் மற்றவர்களுக்கு முன்பாகவே மனனம் செய்துவிட்டான்.

நிறைவு விழாவுக்குக் கடலூரிலிருந்து வந்த பெரியவர்கள் முன்பு பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் அதைச் சொன்னபோது, மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆசீர்வாதமான வசனம் ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கக் கூடாதா என்று பேருந்தில் திரும்பும்போது ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். நான் பாடநூலின்மீது பழியைப் போட்டேன். உபதேசியாரின் பெயரைச் சொல்லி, அவர் செய்ததுதான் சரி என்று நிற்கும் துணிவு அன்று எனக்கு இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மிஷனெரிச் சரித்திரத்தில் ஒரு பெருமை உண்டு. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் கடலூர். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஸ்வீடனில் பிறந்த கீர்நாண்டர் 1740இல் இங்கே வந்து, 1758இல் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடிக்கும்வரை பதினெட்டு ஆண்டுகள் ஊழியம் செய்தார் என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். பதினெட்டு ஆண்டுகளையும் அந்த உபதேசியாரின் இருபது ஆண்டுகளையும் வைத்துக்கொண்டு என்னுடைய பத்து நாள்களை ஊழியம் என்று சொல்ல நாக்கு கூசுகிறது. புறப்படும் நாளன்று, அடுத்த வருடமும் வருவீர்களா என்று பிள்ளைகள் கேட்டார்கள். கண்டிப்பாக வருவேன் என்று சொன்னேன். அந்தப் பத்து நாள்களில் நான் சொன்ன ஒரே பொய் அது. சொல்லும்போது பொய் என்று தெரியாது.

மறுபடியும் நான் போனது ஏழு ஆண்டுகள் கழித்து, ‘தானே’ புயல் அடித்த சில வாரங்களுக்குப் பின், 2012 ஜனவரியில், அலுவலக நண்பர்கள் திரட்டிய போர்வைகளோடு. உபதேசியார் காலமாகிவிட்டிருந்தார். கேள்வி கேட்ட பையன் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்தச் சூளை என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் பையைக் கீழே வைத்து நோட்டைத் திறந்ததும் ஒரு பெண் பிளாஸ்டிக் உறையிலிருந்து ரேஷன் அட்டை நகலை எடுத்தார்.

புதுச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

நாங்கள் பங்கு இளைஞர் குழுவினர், கத்தோலிக்கர். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்கு இரண்டு வார மறைக்கல்வி முகாமுக்காகப் போனோம். எங்கள் அனுபவத்தில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மே மாதத்தில் அந்த ஊர்ப் பெற்றோர் வேலைக்காகப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சமவெளிக்கு இறங்கிவிடுகிறார்கள் என்பதை மேலே ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். நாற்பது பேருக்கு வண்ணப் பென்சில்கள் வாங்கிப் போயிருந்தோம், வந்தவர்கள் ஆறு பேர். ஆகவே வகுப்பை இரவுக்கு மாற்றினோம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தைப் பார்த்துப் பாட்டிகள் வந்து உட்கார்ந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள். நல்ல மேய்ப்பர் படத்தில் இருந்த ஆட்டுக்கு ஒரு பாட்டி கறுப்பு வண்ணம் தீட்டி, வெள்ளை ஆடு இந்த மலைக்குத் தாங்காது என்றார். விடுமுறை நமக்கு எப்போது என்று பார்க்கிறோமே தவிர, அவர்களுக்கு எப்போது ஓய்வு என்று முகாமுக்குத் தேதி குறிக்கும் யாரும் விசாரிப்பதில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடலூர்க் கடலோரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதிய இருவரும் போனவர்கள். நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தவள், எனவே நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர், இன்றும் அல்லர். 1990களின் நடுவில் எங்கள் குப்பத்துக்கு இரண்டு அக்காக்கள் கோடையில் வந்தார்கள். போகலாமா என்று கேட்டபோது அப்பா அவர்கள் கொடுத்த புத்தகத்தை வாங்கி முழுவதும் புரட்டிப் பார்த்து, "பொய் சொல்லக் கூடாது, திருடக் கூடாதுன்னுதானே இருக்கு, போய்ட்டு வா" என்று அனுப்பினார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்ததும் என்னைத் திருநீறு பூசிக்கொள்ளச் சொல்வார், நானும் பூசிக்கொள்வேன். கதைகளில் பாதி மறந்துவிட்டது, கேசரி மறக்கவில்லை.

முதுநகர் அண்ணன் வாக்குக் கொடுத்ததைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். கடைசி நாளன்று எங்கள் அக்காக்களில் ஒருவர் மறுபடி வருவதாகச் சொல்லவில்லை, கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார். எல்லாப் பிள்ளைகளின் முகவரியையும் கேட்டார். எங்களில் யாருக்கும் வீட்டு எண் கிடையாது என்பதால், மாரியம்மன் கோயில் பின்புறம் என்று எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. நன்றாகப் படி, அம்மாவைக் கேட்டதாகச் சொல், அவ்வளவுதான் எழுதியிருந்தது. நான் பதில் எழுதினேன், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதுவரை எங்கள் தெருவில் தபால்காரர் பெரியவர்களைத் தவிர யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று அவர் மிதிவண்டியை நிறுத்தி என் முழுப் பெயரையும் உரக்கப் படித்தபோது, அது யார் என்று தெருவே வெளியே வந்து பார்த்தது.