தாத்தாவின் கிரையப் பத்திரத்தில் சில சொற்கள்: உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தா நிலம் வாங்கிய கிரையப் பத்திரம் கிடைத்தது. தஞ்சாவூர் ஜில்லா, நஞ்சை 6 மா. ஒரு மா 33 சென்ட் என்பதால் ஏறத்தாழ 2 ஏக்கர். "ஈஸ்வர வருஷம் ஐப்பசி, பசலி 1347" என்றிருக்கிறது. பசலியோடு (நிலவரிக் கணக்கு ஆண்டு) 590 கூட்டினால் 1937. வருஷப் பெயரும் ஒத்துப்போகிறது.

கிரையம் (விற்பனை), பாத்தியதை (உரிமை), சுவாதீனம் (கைவசம்), வில்லங்கம் (சொத்தின் மேல் உள்ள கடன் போன்ற சிக்கல்) எல்லாம் புரிகிறது. திணறுவது இந்த வரியில்தான்:

"நிதி நிட்சேப ஜல தரு பாஷாண அட்சிணி ஆகாமி சித்த சாத்தியங்கள் என்னும் அஷ்டபோக தேஜ சுவாமியங்களுடன் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்..."

நிதி, நிட்சேபம் புதையல் சம்பந்தப்பட்டவை. ஜலம் தண்ணீர், தரு மரம், பாஷாணம் கல் (விஷம் என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன்). கடைசிப் பகுதி தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க உரிமை உண்டு என்பது. ஆனால் அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் இந்த நான்கும் நிலத்தில் நடைமுறையாக எதைக் குறித்தன? அஷ்டபோகம், அதாவது அனுபவ உரிமைகள் எட்டு என்கிறார்கள், எண்ணினால் ஒன்பது வருகிறது. தரு பின்னால் சேர்ந்ததா?

"மாவடை மரவடை" என்றும் இருக்கிறது. மரவடை மரங்கள், சரி. மாவடை மாமரமா, ஆடுமாடா? உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்?

பழைய பத்திர எழுத்தர்கள், கர்ணம் (அந்தக் கால ஊர்க் கணக்கர்) குடும்பத்தார், கல்வெட்டு படித்தவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்பாவுக்கு 81 வயது. தன் அப்பா வாங்கிய நிலத்தின் பத்திரத்தை ஒரு வரி விடாமல் புரிந்து கேட்க ஆசைப்படுகிறார்.