கஞ்சி குடித்துதான் எனக்குச் சர்க்கரை ஏறியது

அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அதனால் போன வருடம் எனக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.1 என்று ரிசல்ட் வந்ததும் ரொம்பவே பயந்துபோனேன். 5.7 முதல் 6.4 வரை என்றால் நோய் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். மறுநாளே இட்லி தோசையை நிறுத்திவிட்டு, காலையில் பெரிய டம்ளர் நிறைய கேழ்வரகுக் கஞ்சி. சிறுதானியம்தானே, எவ்வளவு குடித்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, கஞ்சி குடித்து ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவின் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தால் 198! நம்ப முடியாமல் இரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் 190க்கு மேல்தான். டயட்டீஷியனிடம் கேட்டபோதுதான் புரிந்தது. நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, மெல்லாமல் மடமடவென்று குடித்தால் கேழ்வரகானாலும் மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் ஏறிவிடுமாம்.

அப்புறம் கஞ்சியை விட்டேன். மதியம் முதலில் ஒரு தட்டு காய், கொஞ்சம் சுண்டல், அதன் பிறகுதான் சின்னக் கிண்ணத்தில் சாமைச் சோறு. ராத்திரி சாப்பிட்டதும் மொட்டைமாடியில் அரை மணி நேரம் நடை. ஏழு மாதத்தில் ஹெச்பிஏ1சி 5.6க்கு வந்தது. எடையும் 4 கிலோ குறைந்ததால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சென்னையில் இதே வாசல்படியில் இருந்த 531 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. அதில் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு சர்க்கரை வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4. எனக்குப் பெரிய தெம்பு கொடுத்தது இதுதான்.

---

அக்கா, உங்கள் கஞ்சிக் கதையைப் படித்தேன். எங்கள் வீட்டில் இதே கதை கீரையில் நடந்தது. கல்லூரியில் படிக்கும் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.1. வாரத்தில் நாலு நாள் முருங்கைக்கீரை செய்து போட்டும் ஏறவே இல்லை. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "டீ எப்போது குடிப்பாள்?" சாப்பிட்ட கையோடு குடிப்பாள். டீயின் துவர்ப்பு, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். இப்போது டீ சாயங்காலம் மட்டும்தான், கீரைக்கு எலுமிச்சை பிழிகிறோம், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். அவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரையையும் ஒரு நாள் விடாமல் போட்டாள். நாலு மாதத்தில் 11.8. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியவள், இப்போது எனக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்து வைக்கிறாள்.